பாலம் தாண்டவேண்டிய பச்சைக் காடி

உங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய பழைய காடி (எங்கள் ஊரில் காருக்குக் காடி என்றுதான் பேர்) ஒன்று நிற்கிறதா? நிற்கிறது என்றால் நீங்களும் நம்ம ஆள்தான், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. வீட்டுக்காரர் அதைச் செல்லம் என்பார், வீட்டுக்கார அம்மா அதைச் சனியன் என்பார், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு கிடப்பவள் நான். என் தொழிலைப் பற்றி ஒரே வரியில் சொல்கிறேன். எஞ்சின் கெட்டால் சத்தம் போடும், டயர் கெட்டால் படுத்துக்கொள்ளும், வயர் கெட்டால் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

நான் நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். பிறகு ஆறு வருஷம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் புதுக் காடிகளுக்கு வயர்க்கட்டு கட்டினேன். கல்யாணமாகிக் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வந்தாச்சு, மகள் நிஷா பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாச்சு, இப்போது ஜெலுத்தோங்கில் சேவியர் அண்ணன் பட்டறையில் வயர் வேலை. எஞ்சின் அவருக்கு, கரண்டு எனக்கு. அவர் பக்கத்தில் நிற்காமல், முழுக்க என் பொறுப்பில் நான் எடுத்த முதல் காடியோடு ஒன்பது நாள் பட்ட பாடுதான் கீழே இருப்பது.

வயர்மன் எங்கே?

ஒரு வெள்ளிக்கிழமை காலை, இழுவை லாரியில் வந்து இறங்கியது அந்தப் பச்சைக் காடி. வெள்ளைக்காரன் காலத்து உருப்படி. முட்டைக்குச் சக்கரம் வைத்த மாதிரி உருண்டையாக இருந்தது. கூடவே வெள்ளைச் சட்டையை நன்றாக இஸ்திரி போட்டு உடுத்திய துரைரத்தினம் ஐயா இறங்கினார். யாழ்ப்பாண வழிக் குடும்பம், அரசாங்க ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சேவியர் அண்ணன் என்னைக் காட்டி, “வயரிங் எல்லாம் இவங்கதான் ஐயா” என்றார். ஐயா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. “ஓம், விளங்குது. வயர்மன் எங்க?” என்றார்.

நான் பானெட்டைத் திறந்தேன். துணி சுற்றிய பழைய வயர்கள், ஒரு காலத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று இருந்தவை, எல்லாமே ஒரே காப்பி நிறத்தில் கிடந்தன. மீட்டரை வைத்துத் தொட்டுத் தொட்டு, இது விளக்கு, இது ஹாரன், இது வைப்பர் என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு கட்டிக்கொண்டே போனேன். ஐயா கால் மணி நேரம் நின்று பார்த்தார். அப்புறம் தானாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

இரண்டு வாரத்துக்கு முன் உறவுக்காரப் பிள்ளையின் கல்யாணத்துக்குப் பட்டர்வொர்த் கிளம்பியிருக்கிறார்கள். அவருடைய மனைவி பரமேஸ்வரி அம்மாவுக்குக் காஞ்சிபுரம் சேலை, தலை நிறையப் பூ. தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் கடல் பாலத்தின் நடு மேட்டில், சரியான மழையில், நெரிசலில் காடி நின்றுபோனது. அம்மா கல்யாண மண்டபத்தில் போய் இறங்கியது இழுவை லாரியிலிருந்து. அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டாராம். காடி பாலம் தாண்டி, அவரை வைத்துக்கொண்டே ஒழுங்காகத் திரும்பி வந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும். ஈப்போவில் ஒருவர் வாங்குவதற்குத் தயார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார். “அப்பர் எனக்கு விட்டிட்டுப் போன காடி” என்று தன் அப்பாவை நினைத்துச் சொல்லிவிட்டு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. “ஒன்பது நாள் இருக்கு இல்ல, பார்த்துக்கலாம் ஐயா. எல்லா வயரையும் கண்டுபிடிச்சிருவேன்” என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: “அப்பிடியெண்டா, என்ர மனுசியைச் சமாதானப்படுத்துற வயர் எதெண்டும் ஒருக்கா பாத்துச் சொல்லும் பிள்ளை.”

வருவதைப் போவதாகக் காட்டிய ஊசி

நோய் என்ன என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு திறந்து திறந்து மூடும், அதனால்தான் பிளக்கில் பொறி வரும். பாயிண்ட் என்போம். அது கருகிப் போயிருந்தது. டைனமோ வேறு கிழடு. மழையில் விளக்கும் வைப்பரும் போட்டு நெரிசலில் நின்றால் அது தரும் கரண்டு போதாது, பேட்டரி சோறில்லாமல் சாகும். ஆகவே பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். டைனமோவுக்குப் பதில், பார்க்க டைனமோ மாதிரியே இருக்கும் ஆல்டர்னேட்டர். வயர் முழுக்கப் புதுசு, அதன்மேல் ஐயாவின் மனம் நோகாமல் இருக்கத் துணி டேப்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இப்போதைய காடிகளில் பேட்டரியின் மைனஸ் பக்கம்தான் பாடியில் போய்ச் சேரும். அந்தக் காலத்து இந்தக் காடியில் பிளஸ் பக்கம் பாடியில். புது சாமான் எதுவும் அதற்கு ஒத்துவராது, உடனே வெந்துபோகும். அதனால் முதலில் பாடியில் சேரும் அந்த எர்த்தையே தலைகீழாக மாற்றினேன். புதன்கிழமை எஞ்சின் ஸ்டார்ட் ஆனது பாருங்க, தையல் மெஷின் தோற்றுப் போகும். ஐயா ஒரே ஒரு சுற்று போய்வருகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். பத்து நிமிஷத்தில் போன். “பிள்ளை, கொம்தார் பக்கத்தில ஓரமா நிப்பாட்டியிருக்கிறன். மீட்டர் ஊசி மைனசில நிக்குது. பேட்டரி முழுக்க வெளிய போகுது. காடி சாகப் போகுது!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எர்த்தைத் திருப்பினேன், டேஷ்போர்டில் இருக்கும் கரண்டு மீட்டருக்குப் போகும் இரண்டு வயரையும் இடம் மாற்ற மறந்துபோனேன். உள்ளே கரண்டு வந்துகொண்டிருக்க, ஊசி அதைப் போவதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. “ஐயா, பயப்படாம ஓட்டிக்கிட்டு வாங்க, அது நல்ல செய்திதான்” என்றேன். வந்ததும் இரண்டு நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தேன். திருப்பவேண்டியது எல்லாவற்றையும் இப்போது திருப்பியாச்சு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். (அந்த நிமிர்த்தலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை அதற்குக் கூலி கிடைத்தது.) நான் விளக்கம் சொல்லி முடித்ததும் ஐயா தலையாட்டினார்: “என்ர மச்சானும் இப்பிடித்தான் பிள்ளை, வீட்டுக்குள்ள வரேக்கையே ‘அப்ப நான் போயிட்டு வாறன்’ எண்டு சொல்லிக்கொண்டுதான் வருவான்.”

கை நீட்டும் காடி

அந்தக் காடிக்கு மினுக்கும் சிக்னல் கிடையாது. திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சாண் நீளத்தில் கை மாதிரி ஒன்று வெளியே நீளும், அதற்குள் ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். ஐயா அதை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அதற்குள் புது விளக்கு வைத்து, முன்னாலும் பின்னாலும் இருக்கும் சின்ன விளக்குகளைச் சேர்த்து மினுக்கும்படி செய்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சேவியர் அண்ணன் ஓட்ட, நான் இடது பக்கம் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கப் போனோம். சிவப்பு விளக்கில் நின்றோம். இடது பக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தது. சாப்பாடு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் எங்களை ஒட்டி வந்து நின்றார். அவர் கையில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் தே ஐஸ், ஐஸ் போட்ட தேத்தண்ணீர். ஹெல்மெட் வாரைச் சரி செய்ய அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. தே ஐஸ் பையை அப்படியே எங்கள் சிக்னல் கையில் மாட்டிவிட்டு, நிதானமாக வாரை இழுத்து மாட்டினார்.

பச்சை விழுந்தது. அண்ணன் காடியைத் திருப்பினார். சிக்னல் கை உள்ளே மடங்கப் பார்த்தது, பை விடவில்லை. அரை டிகிரி மடங்குவதும் மறுபடி நீள்வதுமாக, அதற்குள் உள்ள விளக்கு தேத்தண்ணீர் வழியாக மினுக் மினுக் என்று எரிய, நாங்கள் ஊர்வலம் போவது போல் போனோம். மோட்டார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தி வந்தார். ஓரமாக நிறுத்தி, ஒரு சொட்டும் சிந்தாத பையை எடுத்துக் கொடுத்தேன். அவர் சிக்னல் கையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சோரி லா அக்கா, காடிக்காரர் சாமான் மாட்டத்தான் வச்சிருக்காருன்னு நெனச்சேன், என் மோட்டருக்கும் ஒன்னு போட்டுத் தருவீங்களா?”

கறுப்பு ரிப்பன்

வேலை நெருக்கும் நாள்களில் அம்மாக்களின் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். வெள்ளிக்கிழமை நிஷாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டு முடித்துவிட்டு ரிப்பனைத் தேடினால் காணோம். ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. சட்டைப் பையில் கையை விட்டேன். வயர்க்கட்டை இறுக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை இரண்டு வந்தது. பின்னல் நுனியில் சுற்றி, பழக்கத்தில் சர்ரென்று இழுத்து, வாலையும் நறுக்கிவிட்டேன். பார்க்க ரொம்ப நேர்த்தியாகத்தான் இருந்தது. ஒருமுறை இறுக்கினால் அது அவிழாது என்பது வேன் போன பிறகுதான் மண்டையில் உறைத்தது.

மத்தியானம் டீச்சர் போன் செய்தார். தூங்குகிற நேரத்தில் பிள்ளைகளின் பின்னலை அவிழ்த்து விடுவார்களாம். இரண்டு டீச்சர் சேர்ந்து முயன்றும் முடியவில்லை. நான் வெட்டும் பிளையரோடு மோட்டரில் பறந்துபோய் இரண்டையும் நறுக்கினேன். நிஷா பெருமையாக, “எங்கம்மா காடிக்கும் இப்படித்தான் கட்டுவாங்க” என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் கோபப்படவில்லை, என் பிளையரையே பார்த்துக்கொண்டிருந்தார்: “அக்கா, இந்தப் பட்டை ஒரு கட்டு இருந்தா குடுத்துட்டுப் போங்க, எங்க பள்ளிக் கேட் பூட்டு மூணு மாசமா ஆடுது.”

ஸ்டூலும் பிளாஸ்க்கும்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஐயா வீட்டு வாசலில் பச்சைக் காடி பளபளவென்று நின்றது. பரமேஸ்வரி அம்மா வெளியே வந்தார். பருத்திச் சேலை, கால்களில் ரப்பர் செருப்பு. ஒரு கையில் மடக்கும் ஸ்டூல், இன்னொரு கையில் குடை, தோளில் தொங்கிய பையில் தேத்தண்ணீர் பிளாஸ்க், பிஸ்கட் டின். பாலத்தில் குடித்தனம் நடத்துவதற்குத் தயாராக வந்திருந்தார். ஐயா முன் கதவைத் திறந்து பிடித்தார். அம்மா அதைப் பார்க்காத மாதிரி பின் கதவைத் திறந்து, என்னைக் கூப்பிட்டார். “வயர் மாத்தின பிள்ளை நீரோ? நீர் ஏறும். நீர் ஏறினாத்தான் நான் ஏறுவன்.”

ஏறினேன். கரையோர விரைவுச் சாலையில் காடி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அம்மா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். ஐயா முன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் உள்ளுக்குள் விசிலடித்தேன். பாலம் ஏறத் தொடங்கியது. மேடு வந்தது. ‘டக்’ என்றது எஞ்சின். அப்புறம் ‘டக், டக்’. ஐயா ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் காடி விக்கல் எடுத்த பிள்ளை மாதிரி குலுங்கியது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. ஐயாவின் பின்கழுத்து வியர்த்துப்போனது. நிற்கவில்லை, அது வரைக்கும் புண்ணியம். சைக்கிள் வேகத்தில் மேட்டைத் தாண்டி இறக்கத்தில் இறங்கினோம். ஒன்பது நாளும், ஒரு காடியும், என் பெயரும் அந்த விக்கலில் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா மட்டும் பதறவே இல்லை, பையிலிருந்து டின்னை எடுத்து என் பக்கம் நீட்டினார்: “பிஸ்கட் சாப்பிடும் பிள்ளை, இனி நேரமெடுக்கும்.”

பிறையில் இரண்டு நட்டு

பாலம் முடியும் பிறை என்ற ஊர்ப் பக்கம் இறங்கியதும் ஒரு மரத்தடியில் ஓரங்கட்டச் சொன்னேன். அம்மா ஸ்டூலை விரித்து, குடையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். நான் பானெட்டைத் திறந்தேன். பிளக் வயர் சரி, இக்னிஷன் சரி, பேட்டரி சரி. சமதரையில் நன்றாக ஓடுகிறது, மேட்டில் மட்டும் திணறுகிறது என்றால் பொறி வருகிறது, ஆனால் பலமில்லாமல் வருகிறது. பொறிக்குப் பலம் கொடுப்பது காயில். காயிலைப் பார்த்தேன். பழசுதான், அப்பர் காலத்துக் காயில், நன்றாக இருந்ததால் ஐயா ஆசைப்படி அப்படியே விட்டிருந்தேன். அதில் இரண்டு முனை. ஒன்றில் சுவிட்ச் என்று அச்சடித்திருக்கும், மற்றதில் பாயிண்ட் என்று. நான் அச்சைப் படித்தேன், அதன்படியே சுவிட்சிலிருந்து வரும் வயரைச் சுவிட்ச் முனையில் மாட்டினேன். ஆறு வருஷம் தொழிற்சாலையில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். சீட்டில் இருப்பதைச் செய், யோசிக்காதே.

ஆனால் அந்த எழுத்து அச்சான காலத்தில் காடியின் எர்த் வேறு பக்கம். எர்த்தைத் திருப்பினால் காயிலின் இரண்டு முனையையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பொறி தலைகீழாகப் பாயும், சமதரைக்குப் போதும், மேட்டுக்குப் போதாது. மீட்டரைத் திருப்பிய கையோடு நெஞ்சை நிமிர்த்தினேன் இல்லையா, அப்போது இதையும் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நட்டு, மூன்று நிமிஷம்.

மாட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது ஐயா மெதுவாக, “காயில் பழசெல்லே, அதுதான் சரி வரேல்லை எண்டு சொல்லுவமே?” என்று காதோடு சொன்னார். எனக்காகச் சொன்னார் என்று தெரிகிறது. ஆனால் குறை காடி மேல் விழுந்தால் காடி ஈப்போவுக்குப் போய்விடும். நேராக அம்மாவிடம் போனேன். “அம்மா, காடி மேல தப்பில்ல, காயில் மேலயும் தப்பில்ல. வயரை நான்தான் மாத்தி மாட்டிட்டேன். தப்பு என்னோடது. இப்ப சரி பண்ணிட்டேன்.” அம்மா தேத்தண்ணீரைக் கடைசி மடக்கு குடித்து, மூடியைத் திருகி, என்னையும் பார்த்து ஐயாவையும் பார்த்தார்: “கலியாணம் கட்டி அம்பத்தொரு வருசம், ‘பிழை என்னில’ எண்டு ஒரு ஆள் சொல்லி நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்.”

மேட்டில் மழை

திரும்பும்போது அம்மா ஸ்டூலை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, நேராக முன் சீட்டில் ஏறினார். கதவை மூட ஐயா ஓடினார். பாலத்தில் கால்வாசி போயிருப்போம், வானம் உடைந்தது. வைப்பர் போட்டோம், விளக்கு போட்டோம். முன்னால் சிவப்பு விளக்குகளாக வரிசை கட்டி நிற்கிறது, எங்கேயோ விபத்தாம். ஊர்ந்து ஊர்ந்து சரியாக அந்த நடு மேட்டில் போய் நின்றோம். “இதே இடம்” என்றார் அம்மா, தூணைக் காட்டி. நான் பின் சீட்டில் குனிந்து மீட்டர் ஊசியைப் பார்த்தேன். பிளஸ் பக்கம் ஆடாமல் நின்றது. எஞ்சின் குர்ர்ரென்று ஒரே சீராக ஓடியது. அம்மாவின் கை கதவுப் பிடியில் வெளுத்துப் போயிருந்தது. இருபது நிமிஷம். பக்கத்தில் ஒரு புத்தம் புதுக் காடி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றதை நான் சுட்டிக் காட்டவில்லை, அம்மாவே பார்த்துக்கொண்டார். வரிசை நகர்ந்தது. ஐயா மிதித்தார். ஒரு விக்கல் இல்லை, மேட்டை இழுத்துக்கொண்டு போனது பாருங்க, எனக்குக் கைதட்டத் தோன்றியது.

வீட்டு வாசலில் இறங்கியதும் ஐயா தயங்கித் தயங்கிக் கேட்டார். “பிறையில ஒருக்கா நிண்டதெல்லே, அதைக் கணக்கில எடுப்பீரோ?” அம்மா குடையை உதறினார். “அங்க காடி நிக்கேல்லை, இந்தப் பிள்ளை நிப்பாட்டினது.” ஐயாவின் முகம் பூத்துப் போனது. “அப்ப ஈப்போ ஆளுக்கு வரவேண்டாமெண்டு போன் போடட்டோ?” என்றார். அம்மா படியேறிக்கொண்டே சொன்னார்: “ஏன், வரச் சொல்லுங்கோ, வந்து வடிவாச் சாப்பிட்டிட்டு, காடியையும் பாத்திட்டு, வெறுங்கையோட போகட்டும்.”

செவ்வாய்க்கிழமை வந்த வாடிக்கையாளர்

திங்கட்கிழமை சேவியர் அண்ணன் பட்டறையின் ஒரு பக்கத்தைத் தடுத்து, “இனி இந்தப் பக்கம் உன்னுது லா செல்வி, கஸ்டமரு நேரா உன்கிட்டயே வரட்டும்” என்றார். செவ்வாய்க்கிழமை காலை என் பக்கத்துக்கு வந்த முதல் வாடிக்கையாளர் பரமேஸ்வரி அம்மா. தனியாக, வாடகைக் காடியில் வந்து இறங்கினார். “என்னம்மா, காடி மறுபடி நின்னுருச்சா?” என்றேன். “நிண்டாத்தானே!” என்றார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஐயா வீட்டில் தங்குவதே இல்லையாம். காலையில் பசியாற ஒரு சுற்று, மத்தியானம் பழைய ஆபீஸ் கூட்டாளிக்குக் காட்ட ஒரு சுற்று, சாயங்காலம் கடற்கரைக்கு ஒரு சுற்று. அம்மா சேலை கட்டி முடித்து வாசலுக்கு வருவதற்குள் காடி தெரு முக்கைத் தாண்டிவிடுகிறதாம்.

கெட்டுப்போன காடியை ஓட வைக்கத்தான் ஜனங்கள் நம்மைத் தேடி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நன்றாக ஓடுகிற காடியை நிறுத்தி வைக்கச் சொல்லித்தான் என் பேரில் முதல் ஆர்டர் வந்தது: “பிள்ளை, என்ர சீட்டுக்குக் கீழ ஒரு சுவிச் வச்சுத் தாரும், நான் ஏறி இருந்தாத்தான் அந்தக் காடி ஸ்டார்ட் வரவேணும்.”